கல்லாவை நிரப்புவது யார்?

நம் ஊர்க் கடைகளிலும் வங்கிகளிலும் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும் ஒரு வாசகத்தை அன்பர்கள் பலரும் படித்திருப்பீர்கள். வாடிக்கையாளரின் பெருமையை விரித்துரைக்கும் அந்த வாசகத்தின் அடியில் காந்தியடிகளின் பெயர் இருக்கும். பக்கத்தில் அவருடைய பொக்கைவாய்ச் சிரிப்பும் இருக்கும். சில பலகைகளில், 1890-இல் தென்னாப்பிரிக்காவில் அவர் ஆற்றிய உரையிலிருந்து எடுத்ததென்ற குறிப்பும் உண்டு. 1890-இல் காந்தியடிகள் இலண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். தென்னாப்பிரிக்க மண்ணில் அவர் கால் வைத்தது 1893-இல்தான். இதே கருத்துகள் 1941-இல் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் மோட்டார் கம்பெனியின் விற்பனைத் துறைத் தலைவர் பெயரில் அச்சேறியிருப்பதைத் தேடிப் பார்த்தவர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கார் விற்றவரின் பேச்சைக் கதர் உடுத்தியவரின் வாயில் வைத்துவிட்டோம்!

பெயர் மாறியதைப் பற்றி எனக்குப் பெரிய வழக்கு ஏதுமில்லை. அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருப்பவரைப் பற்றித்தான் என் வழக்கு. காலை 9.30-க்கு நிற்கத் தொடங்கிய அந்தப் பெண்ணைக் குறித்துப் பலகையில் ஒரு சொல் இல்லை. ஒரு கடையின் வருவாய் இரண்டு பேர் சந்திக்கும்போது பிறக்கிறது. ஒருவர் வாங்க வந்தவர், மற்றவர் விற்க நிற்பவர். ஒருவருக்குப் புகழுரை; மற்றவருக்கு மௌனம். புகழப்பட்டவருக்கேனும் உண்மையில் ஏதாவது கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை.

கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இலாப நட்டக் கணக்கில் விற்பனைத் தொகை வலப்பக்கத்தில் மாலை போட்ட மாப்பிள்ளையைப் போல் அமர்ந்திருக்கும். அந்த விற்பனையைச் செய்தவரின் சம்பளமோ, மின்கட்டணம், வாடகை, வெள்ளையடிப்பு முதலியவற்றுடன் இடப்பக்கத்தில் செலவாக நிற்கும். இது கணக்கியலின் முறை. அதில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் அந்தப் பக்கத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விற்பனையாளர் வருவாயை உண்டாக்குபவராகத் தெரிவதேயில்லை. குறைக்க வேண்டிய ஒரு தொகையாகவே தெரிகிறார். வாடிக்கையாளருக்கு அந்த இடமுமில்லை. அவர் பெயர் பேரேட்டில் ஏற வேண்டுமானால் கடன் சொல்ல வேண்டும்!

"முதல் போட்டவன் நான். இடம் என்னுடையது, சரக்கு என்னுடையது, தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுப்பதும் நான். எடுத்துக் காட்டுவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதானே? இவள் போனால் நாளைக்கு இன்னொருத்தி." இப்படிப் பேசுகிற வணிகர்களை நாம் எல்லாரும் அறிவோம், நம் பங்குகளிலும் அவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. முதலீட்டுக்கு வட்டி உண்டு; தேங்கிப்போகும் சரக்கின் இழப்பு உண்டு; தூக்கமில்லாத இரவுகளும் உண்டு. இவற்றை மறுப்பவன் வணிகம் அறியாதவன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அடுக்கில் கிடக்கிற சேலை வருவாயா? அது அங்கே கிடக்கும்வரை செலவுதான். வாங்கிய விலை, வட்டி, அந்துருண்டை எல்லாம் அதன்மேல் ஏறிக்கொண்டே இருக்கின்றன. விளம்பரம் மனிதரை வாசல்வரை கொண்டுவந்து விடும். வாசலைத் தாண்டியவர் வெறுங்கையோடு திரும்புவதற்கும் பையோடு திரும்புவதற்கும் இடையே ஓர் ஆள் நிற்கிறார்.

அவர் செய்யும் வேலையைச் சற்றே கூர்ந்து நோக்குங்கள். திருமணத்திற்குப் பட்டெடுக்க ஒரு குடும்பம் வருகிறது. ஐந்து பேர், ஆறு பேர். மணப்பெண்ணுக்கு ஒரு நிறம் பிடிக்கிறது, அத்தைக்கு வேறொன்று. பணம் கொடுப்பவர் ஓரமாக நின்று விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர்களுள் முடிவு யாருடையது என்பதை விற்பனையாளர் இரண்டொரு நிமிடங்களுக்குள் கண்டுகொள்ள வேண்டும். எவ்வளவு விலைக்குள் எடுக்க வந்திருக்கிறார்கள் என்பதை வாய்விட்டுக் கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கும்; கேட்காமல் உயர்ந்த விலையில் தொடங்கினால் கூசி எழுந்து போய்விடுவார்கள்; தாழ்ந்த விலையில் தொடங்கினால் நம்மை இப்படி எடைபோட்டானே என்று சினம் கொள்வார்கள். இவை எல்லாவற்றையும் அறிந்து ஒரு சேலையை உருவி, ஒரே வீச்சில் விரித்து, முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டி, அத்தையின் முகத்தில் வரும் சிறு அசைவைக் கண்டு, அடுத்ததை எடுக்க வேண்டும். விரித்தவை நாற்பது இருக்கும், விற்றது ஒன்று. மற்ற முப்பத்தொன்பதையும் பழைய மடிப்பு மாறாமல் மடிக்க வேண்டும். அதற்குள் அடுத்த குடும்பம் வந்து நிற்கும். இந்த நுட்பத்தை எந்தக் கல்லூரியும் கற்றுக்கொடுப்பதில்லை. பத்தாம் வகுப்போடு நின்று, தென் மாவட்டக் கிராமத்திலிருந்து தியாகராய நகருக்குப் பேருந்தேறி வந்த பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொண்டது இது. 2010-இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படத்தில் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையை நாம் பார்த்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டோம், அடுத்த தீபாவளிக்கு அதே தெருவுக்குப் போனோம்.

இது உழைப்புத்தானா என்ற ஐயம் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. மருந்துக் கம்பெனிகளின் பிரதிநிதிகள், தொழில் தகராறுச் சட்டத்தின்படி தங்களைத் தொழிலாளர்களாகக் கொள்ள வேண்டும் என்று வாதாடினார்கள். 1994-இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்க மறுத்தது. உடலுழைப்பு, திறன் சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. வாங்கும்படி ஒருவரை இசையச் செய்வது அப்பட்டியலில் எதனுள்ளும் அடங்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதிகளை நான் குறைகூற வரவில்லை. அவர்கள் முன்னிருந்த பட்டியல் அது. அவர்களுக்காக 1976-லேயே தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அந்தப் பட்டியலை எழுதியவர்களின் மனத்தை எண்ணிப் பாருங்கள். மாத்திரையைப் புட்டியில் அடைப்பவர் தொழிலாளி. புட்டிமீது சீட்டு ஒட்டுபவர் தொழிலாளி. ஊர் ஊராய் அலைந்து, மருத்துவரின் வாசலில் இரவு பத்து மணிவரை காத்திருந்து அதை விற்பனைக்குரியதாக்குபவர் மட்டும் தொழிலாளி அல்லர்! 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில்தான் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களும் தொழிலாளர் என்ற சொல்லுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

கடைப் பணியாளர்களின் வழக்கு இதைவிட எளியது. அவர்கள் கேட்டது ஒரு நாற்காலி.

பழைய ஜவுளிக்கடைகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேடைமீது மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு, முதலாளி திண்டில் சாய்ந்திருப்பார், விற்பவரும் உட்கார்ந்திருப்பார், வாங்க வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்காருவார்கள். யாருடைய மரியாதையும் அதனால் குறைந்ததில்லை. கண்ணாடிப் பெட்டிகளும் உயர்ந்த மேசைகளும் வந்தபின், வாங்குபவருக்கு வட்டமாக ஒரு முக்காலி போட்டார்கள், விற்பவருக்குப் போடவில்லை. பத்து மணி நேரம், பண்டிகைக் காலத்தில் பன்னிரண்டு மணி நேரம். கால் நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்வதும் இடுப்பு வலியும் இந்தத் தொழிலின் கூலியோடு சேர்ந்து வருபவை.

இங்கிலாந்து நாட்டில் 1899-லேயே கடைப் பெண்களின் இருக்கைக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்றது அது. பிரான்சு மறு ஆண்டே பின்தொடர்ந்தது. நம் பக்கத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்னும் தையற்காரப் பெண்மணியின் முயற்சியில் 'பெண்கூட்டு' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். முதலில் அவர்கள் கேட்டது நாற்காலிகூட அன்று, கழிப்பறை! நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியவர்கள் அவர்கள். பிறகு உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பெண்கள் இதற்காகவே தெருவில் அமர்ந்தார்கள். 2018-இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. இங்கிலாந்துக்கும் நமக்கும் இடையே 122 ஆண்டுகள்.

சட்டம் வந்துவிட்டது. நாற்காலி வந்ததா என்பதை அடுத்தமுறை கடைக்குப் போகும்போது அன்பர்களே பார்த்துக்கொள்ளலாம். போடப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தவரை நோக்கி மேற்பார்வையாளரின் கண் எப்படிப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாளிகள் கூறும் காரணத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: "ஆள் உட்கார்ந்திருந்தால் கஸ்டமர் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள்." அப்படியானால் அந்தப் பெண் நிற்பது நமக்காக! நாம் கேட்டோமா? நம்முள் யாரேனும் ஒரு கடையில் போய், இவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று சண்டை பிடித்ததுண்டா? அரசன் என்று நமக்கு முடிசூட்டியதன் பயன் இப்பொழுது விளங்குகிறது. நம் பெயரால் ஆணை பிறக்கிறது. ஆணையை எழுதுபவர் வேறொருவர்.

அதற்காக வாங்குவோர் அனைவரும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சூட்டிய முடி சிலருக்குத் தலையில் ஏறியும் விடுகிறது. எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தே அடுக்கைக் குலைக்கச் சொல்பவர்கள், விலை பிடிக்காத கோபத்தைக் காட்டியவர்மேல் கொட்டுபவர்கள், "மேனேஜரைக் கூப்பிடு" என்று எடுத்ததற்கெல்லாம் குரலுயர்த்துபவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கண்ணாடி மாளிகைக்குள் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, வெளியே கூடை இறக்கி வைத்திருக்கும் கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு வழக்காடுகிறோம். அந்தத் துணிவு ஏன் உள்ளே வரவில்லை? நூற்றுக்கணக்கானோர் விற்கும் இடத்தில் விலையைப் பேச உரிமை இல்லாதவரே நம் எதிரே நிற்கிறார் என்பது நமக்குத் தெரியும். கெஞ்சினாலும் அவரால் குறைக்க இயலாது. திட்டினால் வாங்கிக்கொள்ள இயலும்.

அரசனுக்குக் கிடைத்த இன்னொரு பட்டத்தையும் சொல்ல வேண்டும். 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற பெயரில் ஒரு மளிகைக் கடையைத் திறந்தார். அதுவரை கடைக்காரர் எடுத்து நிறுத்துக் கொடுத்த பண்டங்களை, கூடையோடு உள்ளே நடந்து வாங்குபவரே எடுத்துக்கொள்ளலாம். சுதந்திரம் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். விற்பவரின் வேலையில் ஒரு பாதியை வாங்குபவரே கூலியின்றிச் செய்யத் தொடங்கிய நாளும் அதுதான். இன்று கைபேசியில் பண்டத்தைத் தேடுவது நாம். அளவைச் சரிபார்ப்பது நாம். முகவரியைத் தட்டுவது நாம். வந்து சேர்ந்தபின் நன்றாயிருக்கிறது என்று நாலு வரி எழுதி அடுத்தவருக்கு விற்றுக் கொடுப்பதும் நாம். போதாக்குறைக்கு, வெயிலில் கொண்டுவந்து கொடுத்த இளைஞருக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள். மேற்பார்வையாளர் வேலையையும் நம் தலையில் கட்டியாயிற்று. சம்பளமில்லாத கங்காணி!

வருவாயை உண்டாக்குபவருக்கு அதில் பங்குண்டு என்று எண்ணியவர்கள் உலகில் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் என்ற ஆலை நகரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே சரக்கு. மிச்சப்பட்ட இலாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்கு வாங்கியவர்களுக்கே பகிர்ந்தார்கள். வாங்குபவரால் வந்த மிச்சம் வாங்குபவருக்கே என்ற எளிய நியாயம் அது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் அதே வழியைப் பின்பற்றியது. இந்திய நுகர்வோர் கூட்டுறவின் வரலாறு அங்கிருந்து எழுதப்படுகிறது. பலகையில் பெயர் போடாமல் கையில் காசாகக் கொடுத்த மரியாதை அது.

விற்பவர் பக்கத்திலிருந்து பார்த்தவர் இலண்டனின் ஜான் ஸ்பீடன் லூயிஸ். பெரிய ஜவுளிக்கடை முதலாளியின் மகன். கடைக்கணக்கைப் படித்தபோது, தந்தை, தான், தம்பி ஆகிய மூவரும் எடுத்துக்கொள்ளும் தொகை, முந்நூறு பணியாளர்களின் மொத்தச் சம்பளத்தையும் விஞ்சுவதைக் கண்டார். தந்தை அதைக் கண்டுகொண்டதில்லை, மகனுக்கு உறுத்தியது. 1929-இல் கடையின் இலாபம் பணியாளர்களுக்குச் செல்லுமாறு ஓர் அறக்கட்டளை எழுதினார். 1950-இல் அதை முழுமையாக்கினார். அவருக்கு முன்பே, 1880-இல், பாரிசு மாநகரின் போன் மார்ஷே அங்காடியில் நிறுவனரின் மனைவி பூசிகோ அம்மையார் பணியாளர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டார். அந்த அங்காடி ஒன்றும் சொர்க்கமாயிருக்கவில்லை, கட்டுப்பாடுகள் கடுமையானவை. ஆனாலும் அவர்கள் திவாலாகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பங்கு கொடுத்தால் கடை படுத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இதுதான் பதில்.

தெருமுனையில் அண்ணாச்சி நடத்தும் மளிகைக் கடையை நான் இதில் இழுக்கவில்லை. அங்கே முதலாளியும் அவரே, விற்பனையாளரும் அவரே. அனுப்பிய சிறுவனின் கையில் ஒரு மிட்டாயைக் கொசுறாக வைப்பதும், மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொள்வதும் வருவாயின் வேர் எங்கிருக்கிறது என்று அவருக்குத் தெரிவதால்தான். மாடிக்கு மேல் மாடி ஏறியவர்களுக்குத்தான் அது மறந்துவிட்டது.

மறந்தவர்களுள் பக்திமான்களும் உண்டு என்பதை நம் இதழில் எழுதாமல் வேறெங்கு எழுதுவது? கோபுரத்துக்கு உபயம், தேர்ப்பவனிக்கு மின்விளக்கு, அன்பியத்துக்கு நாற்காலிகள். கோயிலுக்கு நூறு நாற்காலி வாங்கித் தந்தவரின் கடையில் பத்து இல்லை. போனஸ் கொடுக்கும் நாளிலோ வரிசையில் நிறுத்தி, வணங்க வைத்து, இனாம் வழங்குவதுபோல் வழங்குவார்கள். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் விதித்த குறைந்த அளவு 8.33 விழுக்காடு, புதிய ஊதியச் சட்டத்தொகுப்பும் அதை மாற்றவில்லை. ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். இலாபம் பெருகினால் 20 விழுக்காடுவரை உயர வேண்டியது. கூலியாகச் சேர வேண்டியதைக் கொடையாகக் காட்டுவது தானமாகாது. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல் சம்பளத்தை நீதியின் கணக்கில் வைத்தது. இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் முதலைவிட உழைப்பே முந்தியது என்று எழுதினார். இவற்றை நாம் மே முதல் நாள் சூசையப்பர் திருவிழாவில் ஆலைத் தொழிலாளர்களுக்கு நினைவூட்டுகிறோம். ஜவுளிக்கடை அதிபர்களுக்கு நினைவூட்டிய மறையுரை எதையும் நான் கேட்டதில்லை.

2019 முதல் தமிழகத்தில் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கடைகள் இரவும் பகலும் திறந்திருக்க அரசு இசைவளித்திருக்கிறது. வாரம் ஒரு நாள் ஓய்வு, நாளுக்கு எட்டு மணி நேர வேலை, பெண்கள் எழுத்தில் இசைந்தாலன்றி இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்ற நிபந்தனைகளும் அந்த ஆணையிலேயே உள்ளன. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்திய வாரம் நாம் இரவு ஒன்பது மணிக்குத்தான் குடும்பத்தோடு துணியெடுக்கப் புறப்படுகிறோம். பத்தரைக்குக் கதவை இழுத்து மூடுவார்கள். கல்லாவை எண்ணுவதற்கு உள்ளே இருவர் உட்கார்வார்கள். நாம் விரித்துப் போட்டுவிட்டு வந்த முப்பத்தொன்பதை மடிப்பதற்கு மேல்மாடியில் அந்தப் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். விடுதியில் சோறு ஆறியிருக்கும்.